ஐஎன்பிடிஇ எக்ஸாமுக்கு இன்னும் ஆறே வாரமா? இப்படிப் படிச்சுப் பாருங்க

ஊர்ல பிடிஎஸ் முடிச்சு, ரெண்டு வருஷம் ஒரு கிளினிக்ல உக்காந்து பல் புடுங்கி, கல்யாணமாகி எச்4-ல (வீட்டுக்காரர் வேலை விசாவோட சேந்த விசா) நியூ ஜெர்சி வந்து, பையன் தூங்கற நேரம் பாத்துப் படிச்சு போர்டு எக்ஸாம் எழுதினவ நான். இப்ப அதே நிலைமைல இருக்கற ஜூனியர் பொண்ணுங்க "அக்கா, ஆறு வாரம்தான் இருக்கு, வீடியோவே பாதி முடியல, என்னக்கா பண்றது"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிடுச்சு, அதான் மொத்தமா எழுதி வெச்சுடறேன்.

புதுசா வர்றவங்களுக்காக சுருக்கமா. ஐஎன்பிடிஇ-ங்கறது அமெரிக்காவுல டென்டிஸ்டா லைசென்ஸ் வாங்க எழுத வேண்டிய நேஷனல் போர்டு எக்ஸாம், ஜேசிஎன்டிஇ-ங்கற கமிஷன் நடத்துது. முன்னாடி பார்ட் 1, பார்ட் 2ன்னு தனித்தனியா இருந்துச்சு, 2020 ஆகஸ்ட்ல இந்தப் புது எக்ஸாம் வந்துச்சு, பேசிக் சயின்ஸ், கிளினிக்கல் எல்லாம் இதுல ஒண்ணாக் கலந்து வரும். நான் எழுதினப்ப மொத்தம் 500 கேள்வி, ரெண்டு நாள். முதல் நாள் 100, 100, 100, அப்புறம் 60 கேஸ் கேள்வி, அதாவது ஒரு பேஷன்ட்டோட விவரத்தைக் குடுத்துக் கேக்கறது. ரெண்டாவது நாள் 70, 70, முழுக்க கேஸ்தான். எந்த செக்ஷனா இருந்தாலும் 105 நிமிஷம். ஃபார்மேட்ல ஏதாவது மாத்தியிருக்காங்களான்னு அந்த வருஷத்து கேண்டிடேட் கைடை ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க, யார் சொல்றதையும் நம்பாதீங்க, நான் சொல்றதையும் சேத்துத்தான்.

இன்னொண்ணு, பாஸ் ஆயிட்டா ரிசல்ட்ல பாஸ்னு மட்டும்தான் வரும், மார்க் வராது. ஸ்கேல் 49-ல இருந்து 99 வரைக்கும், 75 எடுத்தா பாஸ், ஆனா அது நூத்துக்கு 75 கேள்வி சரியா போடணும்ங்கற கணக்கு இல்ல. நம்ம ஆளுங்க ஊர்ல எம்டிஎஸ் சீட்டுக்கு எழுதற நீட் எம்டிஎஸ்ல ரேங்க் பிடிக்கற மாதிரியே இதுக்கும் படிக்கறாங்க. பாஸ் போதும்ங்கற எக்ஸாமுக்கு மூலை முடுக்கெல்லாம் தேடிப் படிச்சுட்டு இருந்தா பெரிய இடத்துல ஓட்டை விழுந்துடும். அப்புறம் நீட் எம்டிஎஸ்ல தப்புப் போட்டா மார்க் போகும், இங்க போகாது. ஒரு கேள்வியக்கூட காலியா விடக் கூடாது. இது தெரியாம பழக்கதோஷத்துல விட்டுட்டு வந்தவங்கள எனக்கே தெரியும்.

படிக்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய ஒரு வேலை இருக்கு, எடுத்துக்கிட்டா பத்து நிமிஷம்தான், விட்டா மொத்தமும் போச்சு. உங்க பேர். நமக்கு இனிஷியல், அப்பா பேரு சர்நேமா, பாஸ்போர்ட்ல ஒண்ணு டிகிரில ஒண்ணு, கல்யாணத்துக்கு அப்புறம் இன்னொண்ணுன்னு ஏகப்பட்ட குழப்பம். டென்ட்பின்ல (எக்ஸாமுக்குப் பதியறப்ப வாங்கற அடையாள நம்பர்), அப்ளிகேஷன்ல, சென்டருக்கு எடுத்துட்டுப் போற ஐடில எல்லாத்துலயும் பேர் ஒரே மாதிரி இருக்கணும். ஆறு வாரம் இருக்கும்போதே பாத்துட்டா மாத்திக்கலாம், முந்தின நாள் பாத்தா அழ வேண்டியதுதான்.

சரி, இப்ப படிப்புக்கு வரேன். முதல் வேலை, இன்னிக்கோ நாளைக்கோ ஒரு 100 கேள்வியை எல்லா சப்ஜெக்ட்டும் கலந்து, கடிகாரம் வெச்சு, 105 நிமிஷத்துல போடுங்க. "இன்னும் ஃபார்மா முடிக்கலக்கா, முடிச்சுட்டுப் போடறேன்"னு சொல்லாதீங்க. அந்த "முடிச்சுட்டு" வரவே வராது. நான் முதல் தடவை போட்டப்ப 100-க்கு 54, ராத்திரி பதினொரு மணிக்கு கிச்சன்ல நின்னுட்டு அழுதேன், ஆனா உண்மையா என்னோட படிப்பு ஆரம்பிச்சது அந்த 46 தப்புல இருந்துதான். என்னைக் கேட்டா கடைசி ஆறு வாரத்துக்கு டைம்டேபிள் போட வேண்டியது நீங்க இல்ல, உங்க தப்புங்கதான்.

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க, அம்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு தப்பையும் எந்த சப்ஜெக்ட்னு பிரிக்காம ஏன் தப்பாச்சுன்னு பிரிங்க. எனக்கு நாலு கட்டா வந்துச்சு. சுத்தமா தெரியாதது. தெரிஞ்சு மறந்தது. தெரிஞ்சும் கேள்வியை ஒழுங்கா படிக்காம விட்டது. நாலாவது கட்டுக்கு நான் வெச்ச பேரு ஊர்ப்பழக்கம். இந்த நாலுக்கும் மருந்து வேற வேற. முதல் கட்டுக்கு மட்டும்தான் வீடியோ, புக் எல்லாம் தேவை. மறந்ததுக்கு ஃப்ளாஷ்கார்ட். ஒழுங்கா படிக்காததுக்கு எத்தனை மணி நேரம் படிச்சாலும் பிரயோஜனம் இல்ல, டைம் வெச்சு கேள்வி போட்டுப் போட்டுத்தான் சரியாகும். எல்லாத்துக்கும் ஒரே மருந்தா மறுபடியும் முதல்ல இருந்து வீடியோ பாக்கறதுதான் நம்மள்ல முக்காவாசிப் பேர் பண்ற தப்பு.

ஊர்ப்பழக்கம்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இங்க படிச்ச பசங்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, அதனால எந்த கோச்சிங்லயும் இதைச் சொல்ல மாட்டாங்க. ஒரு மாக்ல (மாதிரி எக்ஸாம்) கேள்வி, 14-ஆம் நம்பர் பல்லுல ரூட் கெனால் பண்ணியாச்சு, இன்னும் வலி போகல, எந்த கெனாலை விட்டிருப்பாங்க? நான் 14-ன்னு பாத்ததும் மேல வலது பக்கம் முதல் பிரீமோலார்னு நினைச்சுட்டேன், அதுக்கு பக்கல், பேலட்டல் ரெண்டுதான், ஆப்ஷன்ல எம்பி2-ன்னு ஒண்ணு இருந்துச்சு, இது என்னடா சம்பந்தமே இல்லாமன்னு முதல் வேலையா அதைத்தான் அடிச்சேன். இங்க யூனிவர்சல் நம்பரிங். 14-ன்னா மேல இடது பக்கம் முதல் மோலார். அந்தப் பல்லுல அடிக்கடி கண்ணுல படாமப் போற கெனால்தான் எம்பி2, அதுதான் விடை. எண்டோ எனக்கு நல்லாத் தெரியும், அந்த ஒரு நம்பர்ல போச்சு. நாம அஞ்சு வருஷமா எஃப்டிஐ-ல (ஊர்ல பழகின நம்பரிங்) 36-ன்னு சொன்னது இங்க 19, 46-ங்கறது 30, பால் பல்லுக்கு ஏ-ல (A) இருந்து டி (T) வரைக்கும் எழுத்து, 75-ன்னு நாம சொல்றது இங்க கே (K). இதுக்கு நான் பண்ணது, பாத்ரூம் கண்ணாடில ஒரு சார்ட் ஒட்டி தினமும் பல் தேய்க்கறப்ப ஒவ்வொரு பல்லா நம்பர் சொல்றது. பத்து நாள்ல கைக்கு வந்துடுச்சு.

மருந்து பேரும் அப்படித்தான். நம்ம பாராசிட்டமால் இங்க அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், லிக்னோகெயின் லிடோகெயின், சால்புட்டமால் ஆல்ப்யூட்டெரால். படிக்கும்போது புரியும், ஆனா 60 செகண்ட்ல மனசுக்குள்ள மொழிபெயர்த்துட்டு இருக்க நேரம் இருக்காது. எடையும் பவுண்டுல வரலாம்னு நினைச்சே பழகுங்க. 44 பவுண்டு குழந்தைக்கு எண்டோகார்டைட்டிஸ் புரோஃபிலாக்சிஸ் (இதயத்துல தொற்று வராம இருக்க முன்கூட்டியே குடுக்கறது) அமாக்சிசிலின் எவ்வளவுன்னு கேட்டா, 2.2-ஆல வகுத்து 20 கிலோ, கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஆக 1 கிராம். வகுக்க மறந்து 44-ஐ அப்படியே 50-ஆல பெருக்கினா 2200 வரும், பெரியவங்க டோஸ் 2 கிராம்ங்கறதால பக்கத்துலயே 2 கிராம்னு ஒரு ஆப்ஷன் இளிச்சுட்டு நிக்கும்.

அதைவிட ஆழமானது கை பழக்கம். ஊர்ல பல்வலின்னு வந்தா அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், ஒரு வலி மாத்திரைன்னு கை தானா எழுதிடும். இங்க ஏடிஏ (அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன்) 2019-ல போட்ட கைட்லைன் படி, எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கற பெரியவங்களுக்கு இர்ரிவர்சிபிள் பல்பைட்டிஸ்னா (பல் நரம்புல திரும்ப சரியாகாத வீக்கம்), பல்லுக்கு உடனே ட்ரீட்மென்ட் பண்ண முடியும்னா ஆன்டிபயாடிக் வேண்டாம். பெனிசிலின் அலர்ஜி இருந்தா கிளிண்டமைசின்னு நாம படிச்சது, புரோஃபிலாக்சிஸ்ல 2021-ல இருந்து அதை அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் எடுத்துட்டாங்க. க்ரானிக், அக்ரெசிவ்னு பெரியோ (ஈறு நோய்) படிச்சவங்க 2017 வகைப்பாட்டுக்கு மாறணும், ஸ்டேஜ் 1-ல இருந்து 4, கிரேட் ஏ, பி, சி. நீங்க எந்த வருஷம் பிடிஎஸ் முடிச்சீங்கங்கறதைப் பொறுத்து இந்தக் கட்டு பெருசாகும். எனக்கு அந்த 46 தப்புல 11 இதுலதான் போச்சு. நல்ல செய்தி என்னன்னா, நாலு கட்டுல சீக்கிரமா குறையறதும் இதுதான்.

அடுத்து தினசரி எப்படிப் படிக்கறதுன்னு. நம்ம யூனிவர்சிட்டி எக்ஸாம் எப்படி இருக்கும், "அமிலோபிளாஸ்டோமா பற்றி விரிவாக எழுதுக", நாமளும் மூணு கலர் ஹைலைட்டர்ல கோடு போட்டு அஞ்சு தடவை படிச்சு பக்கம் பக்கமா எழுதிட்டு வருவோம். அது அந்த எக்ஸாமுக்கு சரி. இங்க அதே பண்ணா, படிக்கறப்ப எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கும், கேள்வியைப் பாத்தா ஒண்ணும் வராது. இது நான் மட்டும் சொல்றதில்ல, 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வெச்சு சோதனை பண்ணாங்க. ஒரு குரூப் ஒரு பாடத்தை திரும்பத் திரும்பப் படிச்சாங்க, இன்னொரு குரூப் ஒரு தடவை படிச்சுட்டு பேப்பரை மூடி வெச்சு ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அப்படியே தலைகீழ், படிச்சவங்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம், எழுதிப் பாத்தவங்களுக்கு 61. எக்ஸாம் அஞ்சு நிமிஷத்துல இல்லையே.

அதனால தினமும் ரெண்டு பிளாக் போடுங்க, 50 கேள்வி வீதம், சப்ஜெக்ட் கலந்து. இன்னிக்கு பெரியோ மட்டும்னு பிரிச்சு வெச்சுக்கிட்டா 20 கேள்விக்கு அப்புறம் விடை பெரியோலதான் இருக்கும்னு தெரிஞ்சே போடுவீங்க, நிஜ எக்ஸாம்ல அந்த சலுகை கிடையாது. 50 போட 50 நிமிஷம், அதை அலச ஒண்ணரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். அலசறப்ப விளக்கத்தை காப்பி பண்ணாதீங்க. புக்கை மூடிட்டு, நான் ஏன் இதைப் போட்டேன், ஏன் அது தப்பு, எந்த வார்த்தையைப் பாத்திருந்தா சரியா போட்டிருப்பேன்னு ஒரே வரி, உங்க வார்த்தைல, தமிழ்ல எழுதினாலும் சரி. என் நோட்டுல "ஏய் லூசு, கேள்வில எக்செப்ட்னு (தவிர) இருக்கு"ன்னு ஒம்போது இடத்துல இருக்கு. குருட்டாம்போக்குல சரியாப் போட்டதையும் தப்புக் கணக்குலயே சேருங்க, அதுல மானம் பாக்காதீங்க.

ஃப்ளாஷ்கார்ட் பத்தி. ஆன்கிங்கற ஃப்ளாஷ்கார்ட் ஆப்ல யாரோ போட்ட பல்லாயிரம் கார்டு டெக்கை இறக்கி வெச்சுட்டு, தினமும் 600 கார்டு பாக்கின்னு காட்டறதைப் பாத்து மூச்சு முட்டி விட்டுட்டவங்க ஏராளம். ஆறு வாரத்துக்கு அது வேண்டாம். உங்க தப்பு நோட்டுல இருந்து நீங்களே போட்ட கார்டு, ஒரு நாளைக்கு 15, 20, அவ்வளவுதான். கார்டுல விடையை மட்டும் எழுதாதீங்க, கணக்கா இருந்தா கணக்கையே போட வைங்க. உதாரணத்துக்கு என் கார்டு ஒண்ணு, முன்பக்கம், "ஹார்ட் பேஷன்ட், லிடோகெயின் 1:100,000 எபி (எபிநெஃப்ரின்), எத்தனை கார்ட்ரிட்ஜ்?" பின்பக்கம், 1:100,000-ன்னா மில்லிக்கு 0.01 மில்லிகிராம், கார்ட்ரிட்ஜ் 1.8 மில்லி, அப்ப ஒண்ணுல 0.018, ஹார்ட் பேஷன்ட் லிமிட் 0.04, ஆக ரெண்டு கார்ட்ரிட்ஜ் சொச்சம். "ரெண்டு"ன்னு மட்டும் மனப்பாடம் பண்ணியிருந்தா 1:50,000-ன்னு மாத்திக் கேட்டதும் கவுந்துடுவோம். நம்ம ஊர்ல 1:80,000, 1:200,000 வெச்சுப் பழகினவங்களுக்கு இது இன்னும் முக்கியம். குழந்தைங்க ஃப்ளோரைடு சப்ளிமென்ட் டேபிளும் கார்டுக்குப் பொருத்தமான சமாச்சாரம், சின்ன டேபிள், தினமும் ஒரு வெத்துப் பேப்பர்ல கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்க.

கேஸ் கேள்விக்கு தனியாப் படிக்கறது சரிப்படாது. ஒரு பார்ட்னர் வேணும், ஒரே ஒரு ஆள், எட்டு பேர் குரூப் வேண்டாம், அங்க முக்கால் மணி நேரம் யாருக்கு விசா வந்துச்சுன்னுதான் பேச்சு ஓடும். எனக்கு டெக்ஸாஸ்ல இருக்கற ஒரு பொண்ணு கிடைச்சா, நான் பாத்ததே இல்ல, தினமும் ராத்திரி ஒம்போதரைக்கு நாப்பது நிமிஷம் கால். கேஸ்ல ஒரு பேஷன்ட் பாக்ஸ் வரும், வயசு, என்ன பிரச்சினைன்னு வந்தாங்க, மெடிக்கல் ஹிஸ்டரி, இப்ப வாய்ல என்ன இருக்குன்னு. ஒருத்தி அதைப் படிப்பா, இன்னொருத்தி கேள்வியைப் பாக்கறதுக்கு முன்னாடியே சத்தமா சொல்லணும், "58 வயசு, அலென்ட்ரோனேட் (எலும்புத் தேய்மான மருந்து) சாப்பிடறாங்க, அப்ப எக்ஸ்ட்ராக்ஷன்னா தாடை எலும்பை யோசிக்கணும், வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்கற மருந்து) இருக்கு, ஐஎன்ஆர் (ரத்தம் உறையற டெஸ்ட்) கேக்கணும், மெட்ரோனிடசோல் எழுதக் கூடாது". இப்படி இருபது கேஸ் வாய்விட்டுப் பேசினா, பாக்ஸைப் பாத்ததும் கண்ணு தானா மருந்து லிஸ்ட்டுக்குப் போகும். எத்திக்ஸுக்கும் இதே வழிதான் சரி. அட்டானமி, நான்மேலிஃபிசன்ஸ், பெனிஃபிசன்ஸ், ஜஸ்டிஸ், வெராசிட்டின்னு அஞ்சு பேரை மனப்பாடம் பண்றது அஞ்சு நிமிஷம், ஒரு சூழ்நிலையைக் குடுத்து எது உடையுதுன்னு கேட்டா சண்டை போட்டுத்தான் புரியும்.

எத்திக்ஸ்னதும் ஞாபகம் வருது, பேஷன்ட் மேனேஜ்மென்ட், எத்திக்ஸ், ரிசர்ச் இதையெல்லாம் நாம பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரின்னு ஓரமா தள்ளி வெச்சுப் பழகினவங்க. ஜேசிஎன்டிஇ குடுத்த பிரிவுப்படி பிராக்டிஸ் அண்ட் புரொஃபஷன்னு வர்ற பகுதியே கிட்டத்தட்ட 22 சதவீதம். மிச்சத்துல டயக்னோசிஸ், ட்ரீட்மென்ட் பிளானிங் 36, ஓரல் ஹெல்த் மேனேஜ்மென்ட் 42. கிரெப்ஸ் சைக்கிள்ல எந்த இடத்துல எத்தனை ஏடிபின்னு ரெண்டு நாள் செலவு பண்றவங்க, சென்சிட்டிவிட்டி ஸ்பெசிஃபிசிட்டி டேபிள் போடத் தெரியாம போய் உக்காந்தா எப்படி. கேஸ் கன்ட்ரோல் ஸ்டடின்னா ஆட்ஸ் ரேஷியோ, கோஹார்ட் ஸ்டடின்னா ரிலேட்டிவ் ரிஸ்க், இது ஒரு மத்தியானம் வேலை, விடாதீங்க.

வீடியோ பாக்கவே வேண்டாமான்னா, பாருங்க, முதல் கட்டுக்கு மட்டும். அதுவும் முழு பிளேலிஸ்ட் இல்ல, தப்பான டாபிக் மட்டும், முடிஞ்சதும் பாஸ் பண்ணிட்டு ஒரு பேப்பர்ல என்ன ஞாபகம் இருக்குன்னு கிறுக்கணும். 2எக்ஸ்ல ஓட விட்டு சாம்பாருக்குத் தாளிச்சுட்டே கேட்டா அது படிப்புக் கணக்குல வராது, பொழுதுபோக்குல வரும்.

ரீகால்ஸ் பத்தி ஒரு வார்த்தை. டெலிகிராம்ல, வாட்ஸ்அப்ல "போன வாரம் வந்த கேள்வி"ன்னு பிடிஎஃப் சுத்தும். தொடாதீங்க. எக்ஸாம் கேள்வியை வெளிய சொல்றதும் வாங்கறதும் விதிமீறல், ரிசல்ட்டையே ரத்து பண்ண முடியும், இவ்வளவு பணமும் வருஷமும் போட்டுட்டு அந்த ரிஸ்க் எதுக்கு. நேர்மையை விடுங்க, பிரயோஜனம்னு பாத்தாலும் அதுல பாதி விடை தப்பு, ஒருத்தர் அரைகுறையா ஞாபகம் வெச்சதை இன்னொருத்தர் ஊகிச்சு விடை போட்டது. ஜேசிஎன்டிஇயே அவங்க வெப்சைட்ல மாதிரிக் கேள்வி போட்டிருக்காங்க, கேள்வி எந்த பாஷைல இருக்கும்னு தெரிய அதைவிட நல்லது வேற இல்ல.

வாரக் கணக்கு ரொம்ப சிம்பிள். எக்ஸாமுக்கு ஆறு வாரம் இருக்கறப்ப முதல் மாக், நாலு கட்டு, பேர் சரிபாக்கறது. அடுத்த மூணு வாரம் மேல சொன்ன பிளாக், கார்டு, பார்ட்னர், வாரத்துக்கு ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல லீவு, குற்ற உணர்ச்சி இல்லாம. எக்ஸாமுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப ஒரு முழு ஒத்திகை, காலைல எட்டு மணிக்கு உக்காந்து முதல் நாள் மாதிரியே 360 கேள்வி. பிரேக்கும் அதே மாதிரி, 15 நிமிஷம், 30 நிமிஷம், 15 நிமிஷம். அன்னிக்கு பையனை ஃப்ரெண்ட் வீட்ல விட்டுடுங்க, வீட்டுக்காரர் லீவு போடட்டும். முதல் மூணு செக்ஷன்ல ஒரு கேள்விக்கு 63 செகண்ட், கேஸ் வந்தா ஒண்ணரை நிமிஷத்துக்கு மேலயே இருக்கு, ஆனா அதுக்குள்ள ஆறு மணி நேரம் ஓடியிருக்கும், மூளை வேலைநிறுத்தம் பண்ணும். எனக்கு ஒத்திகைல கடைசி 60-ல 24 தப்பு, பாதிக்கு மேல தெரிஞ்சதுதான். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தேன். எக்ஸாம் அன்னிக்கு அரை சாண்ட்விச், ஒரு வாழைப்பழம், நாலு பாதாம், தூக்கமே வரல.

கடைசி வாரம் புதுசா ஒண்ணும் திறக்காதீங்க. தப்பு நோட்டு, கார்டு, தினமும் 30 கேள்வி, அதுவும் சூடு ஆறாம இருக்கத்தான். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நோட்டை மூடிட்டு, சென்டருக்கு ஒரு தடவை கார்ல போய்ப் பார்க்கிங் எங்கன்னு பாத்துட்டு வாங்க.

ரெண்டாவது நாளை மறுநாளேதான் வெச்சுக்கணும்னு இல்ல, முதல் நாள்ல இருந்து 7 நாளுக்குள்ள எழுதலாம், ஸ்லாட் புக் பண்றப்பவே யோசிச்சுக்கோங்க. நான் நடுவுல ரெண்டு நாள் விட்டேன். ஒரு நாள் தூங்கினேன், அடுத்த நாள் டெக்ஸாஸ் பொண்ணு கூட நாலே நாலு கேஸ், மூணாவது நாள் காலைல போய் 140-ம் போட்டுட்டு ஒரு மணிக்கெல்லாம் வெளிய வந்து, பையனுக்கு டயப்பர் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ரிசல்ட் வர மூணு நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் போட்ட விடையைத் தேடிப் பாக்காம இருக்கறதுக்கு மட்டும் என்கிட்ட எந்த முறையும் இல்ல, நான் எல்லாத்தையும் தேடினேன்.